டிராக்கில் ஃபுட்பெக் உரசுகிறது: ரியர்செட் மாற்றலாமா, எதை மாற்றலாம்?

காட்பாடி 310:
எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது 2022-ல் வாங்கிய டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310 பைக். கம்பெனி கூடுதலாகக் கொடுக்கும் ரேஸ் கிட், டைனமிக் கிட் எதுவும் இல்லாத சாதாரண வண்டி. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் டிராக் டே, அதாவது நம் வண்டியை நாமே டிராக்கில் ஓட்டும் நாள், என்றால் போய்விடுவேன். இப்போது கொஞ்சம் வேகம் கூடியதும் வளைவில் சாயும்போது ஃபுட்பெக் (கால் வைக்கும் கட்டை) தரையில் உரசுகிறது. வலது பெக்கின் முனை தேய்ந்து பளபளக்கிறது. பெக், பிரேக் பெடல், கியர் லீவர் எல்லாம் சேர்ந்து உயரமாகவோ பின்னாலோ அமையும் ரியர்செட் மாற்றலாம் என்று பார்த்தால் மூன்று வழி தெரிகிறது. ஒன்று, கம்பெனியே ரேஸ் கிட்டில் கொடுக்கும் உயர்த்திய ஃபுட்ரெஸ்ட். இரண்டு, வெளிநாட்டு செட், பல நிலைகளில் மாற்றிக்கொள்ளலாம். மூன்று, ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் சிஎன்சி பட்டறையில் சொல்லிச் செய்வது. என் உயரம் 5 அடி 11. டிராக்குக்கு வண்டியை ஓட்டிக்கொண்டே போய், அதிலேயே திரும்புகிறேன். எதற்குப் போகலாம்?

சத்துவாச்சாரி சாய்வு:
தம்பி, இப்போதைக்கு மூன்றும் வேண்டாம். பெக் உரசினால் முதலில் பார்க்க வேண்டியது பெக் அல்ல, பின் சஸ்பென்ஷன். நீங்கள் சூட், பூட்ஸ் எல்லாம் போட்டு உட்கார்ந்தபின் பின்பக்கம் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்தீர்களா? டிராக்கில் 30 முதல் 35 மில்லிமீட்டர் வரை இறங்கலாம். கடையிலிருந்து வந்த செட்டிங்கிலேயே ஓட்டினால் பெரும்பாலும் அதைவிட அதிகமாகவே இறங்கும். வளைவிலிருந்து த்ராட்டில் கொடுத்து வெளியே வரும்போது பின்பக்கம் இன்னும் அமுங்கும், பெக் போய்த் தரையைத் தொடும். ப்ரீலோடை, அதாவது பின் ஸ்பிரிங்கின் முன் இறுக்கத்தை, கூட்ட ஒரு ஸ்பேனரும் கால் மணி நேரமும் போதும்.

அடுத்தது உடம்பு. நீங்கள் வண்டியோடு சேர்ந்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தால், அதே வேகத்துக்கு வண்டி அதிகம் சாய வேண்டியிருக்கும். இடுப்பையும் தோளையும் உள்பக்கம் இறக்கினால் வண்டி குறைவாகச் சாய்ந்தே அதே வளைவை எடுக்கும். பெக் உரசுவது வண்டி உங்களுக்குச் சொல்லும் செய்தி. பெக்கை உயர்த்திவிட்டால் அந்தச் செய்தி வராது. அடுத்து டயர் விளிம்புதான் சொல்லும், அது சொல்லும்போது நீங்கள் தரையில் கிடப்பீர்கள். யாரையாவது பின்னாலிருந்து வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு ரியர்செட் பேசலாம்.

பாலாற்றங்கரை:
அண்ணா சொன்ன சஸ்பென்ஷன் விஷயம் நூற்றுக்கு நூறு சரி. ஆனால் “உடம்பைச் சரி செய், பெக்கைத் தொடாதே” என்பதை நான் ஏற்க மாட்டேன். டிராக்கில் புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் இதையே சொல்கிறோம், பலர் வருஷக்கணக்கில் பெக்கைத் தேய்த்துக்கொண்டே பயந்து பயந்து ஓட்டுகிறார்கள். சாலை வண்டியின் பெக்கை கம்பெனி வைத்திருப்பது நீண்ட தூரம் ஓட்டும் முழங்காலுக்காக. இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டரில் 12 வளைவு. அங்கே நல்ல டயரின் பிடிமானம் முடிவதற்கு முன்பே பெக் முடிந்துவிடுகிறது. டிவிஎஸ்ஸே 2021-ல் ரேஸ் கிட் கொண்டுவந்தபோது, உயர்த்திய ஃபுட்ரெஸ்ட்டால் 4.5 டிகிரி கூடுதலாகச் சாயலாம் என்று சொன்னது. கம்பெனிக்கே தேவை என்று பட்டது நமக்கு ஏன் படக்கூடாது?

தவிர, பெக் உரசுவது எப்போதும் மென்மையான எச்சரிக்கை இல்லை. மடங்கும் பெக் மட்டும் தொட்டால் சரி. அதற்குப் பின்னால் மடங்காத பிராக்கெட்டோ பிரேக் பெடலோ தொட்டால் வண்டியின் எடை டயரிலிருந்து அதன்மேல் ஏறிவிடும், பின் சக்கரம் தூக்கிக்கொண்டு நழுவும்.

என் வாக்கு பல நிலை கொண்ட வெளிநாட்டு செட்டுக்கு. காரணம் உங்கள் உயரம். 5 அடி 11 ஆள் பெக்கை 20 மில்லிமீட்டர் தூக்கினால் முழங்கால் மடங்கி ரத்தம் ஓடாது. ஐந்தாறு சுற்றிலேயே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகரத் தொடை மறுக்கும். 10 தூக்கிப் பார்த்து, 15 பின்னால் தள்ளிப் பார்த்து, உங்களுக்கான இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கம்பெனி ஃபுட்ரெஸ்ட்டில் அந்தத் தேடலே கிடையாது.

சத்துவாச்சாரி சாய்வு:
பாலாறு, பின்னால் தள்ளினால் இன்னொரு பிரச்சினை இருக்கிறதே. பெக் ரொம்பப் பின்னால் போனால் பிரேக் பிடிக்கும்போது முழங்காலால் டேங்கைக் கவ்வ முடியாது. உடம்பு எடை முழுக்க மணிக்கட்டுக்கு வரும், ஹேண்டிலை அழுத்திக்கொண்டே வளைவுக்குள் போவோம். உயரமானவருக்கு நான் சொல்வது சீட்டில் 10 மில்லிமீட்டர் கெட்டி ஃபோம் ஒட்டுவது. பெக்கை அவ்வளவு தூக்கினாலும் முழங்காலின் மடிப்பு பழையபடியே இருக்கும். ஃபோமுக்கு ஆகும் செலவு என்ன?

பாலாற்றங்கரை:
ஃபோம் நல்ல யோசனை. நானும் சேர்த்துச் செய்யச் சொல்வேன்.

ராணிப்பேட்டை கடைசல்:
நான் பட்டறை நடத்துகிறவன், அதனால் மூன்றாவது வழியைப் பற்றிச் சொல்கிறேன். செய்ய முடியுமா என்றால் முடியும். ஆனால் மாதிரியைக் கொடுத்து “இதே மாதிரி அடித்துக் கொடு” என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள்.

முதலில் உலோகம். அலுமினியம் என்றால் எல்லாம் ஒன்றல்ல. 6061-டி6, 7075-டி6 என்று கேட்டு, சோதனைச் சான்றிதழோடு வரும் பிளேட்டைத்தான் எடுக்க வேண்டும். 6061 வளையத் தொடங்கும் அழுத்தம் சுமார் 275 மெகாபாஸ்கல், 7075-க்கு சுமார் 500. ஆனால் பலமானது எல்லா இடத்திலும் நல்லது என்று நினைக்க வேண்டாம். விழுந்தால் எது உடைய வேண்டும் என்பதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். பெக் உடையலாம், பெக் போல்ட் உடையலாம், தாங்கும் பிளேட் வளையலாம். ஃபிரேமில் இருக்கும் தாங்கி மட்டும் வளையக் கூடாது. உங்கள் வண்டியின் இரும்புக் குழாய் ஃபிரேமில் அது வளைந்துவிட்டால் வெல்டிங் வைத்து நேராக்கினாலும் பழைய அளவு திரும்ப வருவது பெரும்பாடு. பிளேட்டை 7075-ல் தடிமனாக, பெக்கை அதைவிடத் தடிமனாகச் செய்து கொடுத்தால் வாடிக்கையாளருக்குக் கையில் பிடிக்க கம்பீரமாக இருக்கும். விழும்போது அடி முழுக்க ஃபிரேமுக்குப் போகும். அப்படி வந்த வண்டிகளைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது.

உள்மூலைகளைக் கூராக விடாமல் வளைவாக வெட்ட வேண்டும், இல்லையென்றால் அங்கேதான் விரிசல் பிறக்கும். கியர் லீவர் திரும்பும் இடத்தில் மூடிய பால் பேரிங்கோ நல்ல வெண்கல புஷ்ஷோ வேண்டும். அலுமினியத்தின் மேலே அலுமினியம் உரசினால் ஒரு சீசனிலேயே லீவர் ஆடும், கியர் விழுந்ததா இல்லையா என்று காலுக்குத் தெரியாது.

என் பக்கத்துப் பெரிய நியாயம் உதிரிபாகம். சனிக்கிழமை விழுந்தால் ஞாயிற்றுக்கிழமை ஓட்ட வேண்டுமே! பெக், லீவர் முனை, போல்ட் எல்லாம் இரண்டு செட் சேர்த்துச் செய்து பையில் போட்டுக்கொள்ளலாம். வெளிநாட்டு செட்டில் ஒரு முனை உடைந்தால் கப்பலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

ஆம்பூர் ஆர்3:
உதிரிபாகம் பற்றி அண்ணா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். வெளிநாட்டு செட் வாங்கினாலும் தனித்தனிப் பாகமாக விற்கும் பிராண்டையே பாருங்கள். அமெரிக்காவின் உட்கிராஃப்ட் இதற்குப் பேர் போனது. நிலை மாற்றும் வசதி குறைவு, ஆனால் ஒரு பெக் மட்டும் வேண்டும் என்றால் பெக் மட்டும் வாங்கலாம். உங்கள் வண்டிக்கு எந்த பிராண்டில் செட் இருக்கிறது என்று பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள். 310 மாதிரி வண்டிகளுக்கு அதுவே முதல் சிக்கல். பொதுவாக எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று விற்கும் செட்டைத் தொடவே வேண்டாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் பட்டறை அண்ணாவோடு எனக்குச் சண்டை உண்டு. இங்கே பட்டறைகளில் செய்வது பெரும்பாலும் மடங்காத பெக். அது காலுக்கு உறுதியாக இருக்கும், ஆடாது, சரி. ஆனால் வளைவில் தொட்டால் மடங்க வழியில்லை. பெக்கில் உரசிக்கொண்டிருப்பவருக்கு அதைக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மடங்கும் பெக், ஸ்பிரிங்கோடு, தானாகத் திரும்ப வருவதாக இருக்கட்டும். உலக மோட்டார்சைக்கிள் பந்தய அமைப்பான எஃப்ஐஎம்மின் ரேஸ் விதியும் மடங்கும் பெக் தானாகப் பழைய நிலைக்கு வர வேண்டும் என்கிறது. எந்த பெக் ஆனாலும் முனை குறைந்தது 8 மில்லிமீட்டர் ஆரத்தில் உருண்டையாக இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. கூரான முனை விழுந்தவர் காலிலேயே குத்தும்.

பெக்கின் மேல் சொரசொரப்பையும் கவனியுங்கள். ஆழமாக வெட்டினால் பிடிப்பு அபாரம், ஆனால் பூட்ஸின் அடிப்பாகத்தைத் தின்றுவிடும். ஷூ செய்கிற ஊர்க்காரன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ராணிப்பேட்டை கடைசல்:
தம்பி, மடங்காத பெக்கை உயரமாக வைத்தால் அது தொடவே தொடாது, அதுதான் கணக்கு. மடங்கும் பெக்கில் ஒரு கீல் அதிகம், அது தேயும், ஆடும். நல்ல ரைடருக்கு அந்த ஆட்டம் எரிச்சல். ஆனால் காட்பாடி தம்பிக்கு இப்போதைக்கு மடங்குவது மேல் என்பதை மறுக்கவில்லை. முனை 8 மில்லிமீட்டர் என்பது சரியான பேச்சு, நைலான் குமிழ் கடைந்து போடலாம்.

ஏலகிரி வளைவு:
நானும் கேட்கிறேன். மலைப்பாதை கொண்டை ஊசி வளைவுக்கு ரியர்செட் உதவுமா?

சத்துவாச்சாரி சாய்வு:
உதவாது தம்பி. ஏலகிரியின் 14 கொண்டை ஊசியிலும் வேகமே இல்லை, பெக் உரசும் அளவுக்குச் சாய்த்தால் அது சாலையில் செய்யக் கூடாத வேலை. எதிரே பஸ் வரும். அங்கே பழைய பெக்கோடு போய் வாருங்கள்.

பாலாற்றங்கரை:
இதில் அண்ணாவோடு முழு உடன்பாடு.

காட்பாடி 310, நீங்கள் வண்டியை ஓட்டிக்கொண்டு வருகிறேன் என்றீர்களே, அதை யாரும் தொடவில்லை. வேலூரிலிருந்து இருங்காட்டுக்கோட்டை ஏறக்குறைய 100 கிலோமீட்டர். வாலாஜா தாண்டுவதற்குள் உயர்ந்த பெக் தெரிய ஆரம்பிக்கும்; டிராக்கில் இறங்கும் முன்பே கால் களைத்திருக்கும். நாலு பேர் சேர்ந்து குட்டியானை பிடித்து வண்டிகளை ஏற்றிப் போவதே மேல். சாலையில் ஓட்டத்தான் வேண்டும் என்றால் இரண்டு விஷயம். பல ரியர்செட்டில் பின்னால் உட்காருபவரின் ஃபுட்ரெஸ்ட் வராது, பின் பிரேக் பிடித்தால் சிவப்பு விளக்கு எரிய வைக்கும் சுவிட்சும் வராது. பிரேக் லைனில் பொருத்தும் பிரஷர் சுவிட்ச் போட்டால் விளக்கு எரியும். பின் ஃபுட்ரெஸ்ட் இல்லாத வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது, மோட்டார் வாகன விதியும் அதைத்தான் சொல்கிறது. வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் கம்பெனி அமைப்பை மாற்றுவதற்கு எதிராக இருக்கிறது. பழைய செட்டைத் தூக்கி எறியாமல் வைத்திருங்கள்.

காட்பாடி 310:
நிறையத் தெளிவு கிடைத்தது. இப்படிச் செய்யப்போகிறேன்: முதலில் ப்ரீலோடு, வீடியோ. அதற்குப் பிறகும் உரசினால் கம்பெனி ரேஸ் கிட் ஃபுட்ரெஸ்ட், மேலே ஃபோம். உதிரிபாகம் வேலூர் ஷோரூமிலேயே சொல்லி வைத்து வாங்கலாம் என்பதால்தான் இந்த முடிவு. கியரைத் தலைகீழாக, அதாவது முதல் கியர் மேலே, மற்றவை கீழே என்று அதிலேயே மாற்றிக்கொள்ளலாமா?

பாலாற்றங்கரை:
நான் இன்னும் வெளிநாட்டு செட் பக்கம்தான். உங்கள் உயரத்துக்கு ஒரே நிலை போதாது என்றே நினைக்கிறேன். கியரைப் பொறுத்தவரை, கியர் லீவரிலிருந்து வரும் ராட் போய்ச் சேரும் இன்ஜின் பக்கக் கையைத் திருப்பி மாட்ட இடம் இருந்தால் மாற்றலாம். மாட்டியபின் ராடும் கையும் ஏறக்குறைய 90 டிகிரியில் நிற்க வேண்டும். பிற்காலத்தில், கிளட்ச் பிடிக்காமல் கியர் மாற்ற உதவும் குவிக்‌ஷிஃப்டர் போட்டால் சென்சார் தள்ளும் வகையா இழுக்கும் வகையா என்று பாருங்கள், திசை மாறியிருக்கும்.

ராணிப்பேட்டை கடைசல்:
எந்த செட் மாட்டினாலும் ஒன்றை மட்டும் விடாதீர்கள். பெடல் இடம் மாறினால் பின் பிரேக் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளும் கம்பியான புஷ்ராட்டின் நீளமும் மாறும். ராட் பிஸ்டனைக் கொஞ்சம்கூட அழுத்தாமல் சின்ன இடைவெளி இருக்க வேண்டும். அது இல்லையென்றால் பிரேக் ஆயில் அதன் டப்பாவுக்குத் திரும்பாது, ஓட ஓட டிஸ்க் சூடேறி பிரேக் தானே பிடித்துக்கொள்ளும். மாட்டியதும் ஸ்டாண்டில் தூக்கிப் பின் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். கொஞ்சம் ஓட்டிவிட்டு வந்து மறுபடியும் சுற்றுங்கள். போல்ட்டுகளுக்கு, கழன்றுவிடாமல் பிடிக்கும் நீல லாக்டைட் பசை போட்டு, மேனுவலில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்ச்சால் முடுக்குங்கள். வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு எடுத்து வாருங்கள், சேர்ந்தே மாட்டலாம்.