ஐப்பசி ஈரத்தில் வெளுத்துப்போன சீ ஹாக்: வார்னிஷை மீட்க வழி உண்டா?

அரசலாறு (கும்பகோணம்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 1971-ஆம் ஆண்டுப் போரில் ஐ.என்.எஸ். விக்ராந்த் கப்பலிலிருந்து பறந்த சீ ஹாக் போர் விமானத்தை 1/72 அளவுப் பிளாஸ்டிக் மாதிரியாகச் செய்துகொண்டிருக்கிறேன். ஒட்டுவேலை புரட்டாசியிலேயே முடிந்துவிட்டது. மேற்புறத்துக்கு எச்333 என்ற எண்ணுள்ள கரும்சாம்பல் வண்ணமான எக்ஸ்ட்ரா டார்க் சீ கிரேயும், அடிப்புறத்துக்கு எச்74 ஸ்கை நிறமும் ஏர்பிரஷ்ஷால் அடித்தேன். இரண்டும் குறையில்லாமல் வந்தன. டீகால் (எண்ணும் சின்னமும் அச்சிட்ட மெல்லிய படலம்) ஒட்டுவதற்கு முன் பரப்பு பளபளப்பாக இருக்க வேண்டும் என்பதற்காகச் சென்ற ஞாயிறு மாலை, மழை சற்று விட்டிருந்த நேரத்தில், மாடியறைச் சன்னல்களைத் திறந்துவைத்துக்கொண்டு நிறமற்ற வார்னிஷான லாக்கர் கிளியர் அடித்தேன். அடித்தபோது கண்ணாடிபோல இருந்தது. கை கழுவிவிட்டு வந்து பார்த்தால், இடது இறக்கை முழுவதும் முதுகில் பாதியும், ஆறிய கஞ்சியில் ஏடு படிந்ததுபோல வெளுத்திருந்தன. நகத்தால் மெல்லச் சுரண்டிப் பார்த்தேன். மேலே படிந்த தூசி அல்ல, பூச்சுக்குள்ளேயே இருக்கிறது.

எல்லாவற்றையும் கழுவி எடுத்துவிட்டு முதலிலிருந்து அடிப்பதுதான் வழியா? அப்படிச் செய்தால், இறக்கை மூட்டுகளில் பட்டி வைத்து உப்புத்தாளால் தேய்த்து மீண்டும் கீறிய கோடுகள் கெட்டுவிடுமோ என்று அஞ்சுகிறேன். இல்லையென்றால் தை பிறக்கும்வரை பெட்டியில் மூடி வைத்துவிடலாமா? இன்னொரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். மூக்குப் பகுதியில் எடை வேண்டும் என்று படித்ததால், நாகப்பட்டினத்தில் வலைக்கடையில் வாங்கிய ஈயக்குண்டுகளை ஃபெவிகாலில் தோய்த்து உள்ளே வைத்திருக்கிறேன். விமானம் வால் தரையில் படாமல் நேராகவே நிற்கிறது.

வெண்ணாற்றங்கரை (தஞ்சாவூர்) எழுதியது:

தம்பி, கழுவ வேண்டாம். நீங்கள் சொல்வது நம் பக்கத்தில் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் ஏறத்தாழ எல்லோருக்கும் நேர்வதுதான். பூச்சு கெடவில்லை, ஈரம் உள்ளே சிக்கிக்கொண்டிருக்கிறது, அவ்வளவே. மண்பானைத் தண்ணீர் எதனால் குளிர்கிறதோ அதனால்தான் இதுவும் நடக்கிறது. லாக்கரில் உள்ள தின்னர் மிக வேகமாக ஆவியாகும்போது பரப்பின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. பரப்பு சில டிகிரி குளிர்ந்ததும், மழைவிட்ட காற்றில் நிறைந்திருக்கும் ஈரம் அதன்மேல் பனியாகப் படிகிறது. அந்தப் பனி போவதற்குள் பூச்சு இறுகிவிடுவதால் உள்ளே வெள்ளையாகத் தெரிகிறது. மழை விட்டவுடன் சன்னலைத் திறந்தீர்களே, காற்றில் ஈரம் மிகுந்திருக்கும் நேரம் அதுதான். தூறல் நின்றுவிட்டது என்பதால் காற்று உலர்ந்துவிட்டதாகக் கொள்ளக் கூடாது.

மீட்பதற்கு முதலில் உலர்ந்த இடம் வேண்டும். எங்கள் வீட்டில் இப்போது நெல் சேமிப்பதில்லை, அறுத்த உடனே கொள்முதல் நிலையத்துக்குப் போய்விடுகிறது. ஆகையால் பாட்டி காலத்துச் சிறிய பத்தாயத்தை நான் உலர்பெட்டியாக மாற்றிக்கொண்டேன். அடியில் ஒரு 40 வாட் குண்டு பல்பு, அதன்மேல் துளையிட்ட தகடு, அதற்கு மேல் மாதிரி வைக்கும் பலகை. உள்ளே ஒரு வெப்பமானியும் ஈரமானியும் தொங்குகின்றன. 40 டிகிரிக்கு மேல் போக விடுவதில்லை, ஏனெனில் இந்தப் பிளாஸ்டிக் சூட்டில் இளகி மெல்லிய இறக்கை நுனி வளைந்துவிடும். உங்கள் விமானத்தை இரண்டு நாள் இப்படி ஒரு பெட்டியில் வையுங்கள். வெளுப்பு மெலிதாக இருந்த இடங்கள் தாமாகவே தெளிவதை நான் பார்த்திருக்கிறேன்.

தெளியாத இடங்களுக்கு, உலர்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் கலந்த தின்னர் வேண்டும். மிஸ்டர் கலர் லெவலிங் தின்னரில் அது ஏற்கெனவே கலந்திருக்கிறது. வண்ணம் எதுவும் சேர்க்காமல் தின்னரை மட்டும் ஏர்பிரஷ்ஷில் ஊற்றி, குறைந்த அழுத்தத்தில், ஒரு சாண் தள்ளி நின்று, பனித்தூவல்போல ஒருமுறை ஓட்டுங்கள். நனையக் கூடாது, பளபளப்பு மெல்லத் திரும்புவது தெரிந்ததும் நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். தின்னர் பூச்சை மறுபடி இளக்கி, சிக்கிய ஈரம் வெளியேற நேரம் கொடுக்கிறது. உங்கள் எச்333-ம் எச்74-ம் நீரில் கரையும் அக்ரிலிக் வகை, லாக்கர் தின்னரை ஒரேயடியாக நனையும்படி அடித்தால் அடியில் உள்ள நிறம் கிளம்பிவிடும். அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன். டீகால் இன்னும் ஒட்டவில்லை என்பது நல்லதாயிற்று, ஒட்டியிருந்தால் இந்த வழியை நான் சொல்லியிருக்கவே மாட்டேன். முதலில் ஒரு பிளாஸ்டிக் கரண்டியில் அதே நிறங்களை அடித்து, அதே கிளியரை மேலே அடித்து, அதில் பழகிப் பாருங்கள்.

இனி அடிக்கும்போது ஈரமானி 70 விழுக்காட்டுக்கு மேல் காட்டினால் லாக்கர் கிளியரைத் தொடாதீர்கள் என்பது என் சொந்தக் கணக்கு. தைக்காகக் காத்திருப்பதும் தவறில்லை, ஆனால் தையிலும் காலைப் பனி விலகிப் பத்து மணிக்கு மேல்தான் அடிக்க வேண்டும். பங்குனி, சித்திரையில் சிக்கல் நேரெதிராக வரும்: வண்ணம் பரப்பில் விழுவதற்குள் காற்றிலேயே உலர்ந்து, கை வைத்தால் மணல்போல நெருடும். அப்போதும் கைகொடுப்பது ரிடார்டர்தான், கூடவே ஏர்பிரஷ்ஷைச் சற்று அருகில் பிடிக்க வேண்டும்.

கம்ப்ரசரையும் கவனியுங்கள். அழுத்திய காற்று சூடாகக் கிளம்பிக் குழாயில் குளிரும்போது அதிலும் நீர் பிரிகிறது. நீர்ப்பிடிப்பானைக் கம்ப்ரசர் வாயிலேயே மாட்டினால் அங்கே காற்று இன்னும் சூடாக இருப்பதால் ஈரம் தாண்டிப் போய்விடும். குழாயின் மறுமுனையில், கைப்பிடிக்கு அருகில் இன்னொன்று மாட்டுவது நல்லது. வேலை முடிந்ததும் தொட்டியின் அடித்திருகைத் திறந்து விட்டுப் பாருங்கள், இந்த மாதங்களில் அரை டம்ளர் தண்ணீர்கூட வரும்.

கடுவையாறு (நாகப்பட்டினம்) எழுதியது:

வெண்ணாற்றங்கரை ஐயா சொன்னதற்கு மேல் வார்னிஷைப் பற்றிச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஈயக்குண்டைப் பற்றித்தான் எழுத வந்தேன், தயவுசெய்து இதை எளிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நானும் எங்கள் ஊர் வலை ஈயத்தைத்தான் பயன்படுத்துகிறேன். மலிவானது, மூக்குக்குள் அடங்கும். ஆனால் வெள்ளைப் பசையோடு ஈயத்தைச் சேர்த்து மூடக் கூடாது. அந்தப் பசையிலிருந்து கசியும் அசிட்டிக் அமிலமும் ஈரமும் ஈயத்தை மெல்ல அரித்து வெள்ளைப் பொடியாக்கும். அந்தப் பொடிக்கு ஈயத்தைவிட அதிக இடம் வேண்டும், ஆகவே அது வீங்கி உடலைப் பிளக்கும். என் முதல் சீ ஹாக்கை நான்கு ஆண்டுகள் கண்ணாடி அலமாரியில் வைத்திருந்தேன். ஒருநாள் தூசி தட்ட எடுத்தபோது மூக்கின் அடித்தையல் தலைமுடி அளவு திறந்திருந்தது, விரலில் சுண்ணாம்புபோல ஏதோ ஒட்டியது. ஒரு வாரத்தில் அந்தப் பிளவு காக்பிட் வரை ஏறிவிட்டது. நிறமும் டீகாலும் நன்றாகவே இருந்தன, உள்ளிருந்துதான் போயிற்று.

உங்களுடையது புதியது என்பதால் இப்போதே சரிசெய்துவிடலாம். முன்சக்கரக் குழியின் மேல்தளத்தில் சிறு துளையிட்டு, குண்டுகளை ஒவ்வொன்றாகக் கிளறி எடுத்துவிட்டு, உள்ளே நன்றாக உலர்ந்தபின் எபாக்சி பசையில் மறுபடி பதியுங்கள். அரால்டைட் போதும். ஈயத்தைத் தொட்டபின் கையைச் சோப்பால் கழுவுங்கள், உப்புத்தாளால் அதைத் தேய்க்கவே வேண்டாம். ஃபெவிகாலைக் கேனோபி (விமானி இருக்கையின் கண்ணாடி மூடி) ஒட்டுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள்; சூப்பர் குளூவின் ஆவி ஈரக்காற்றில் கண்ணாடிப் பகுதியைப் பூஞ்சைபோல மூடிவிடும், ஃபெவிகால் அப்படிச் செய்யாது.

ஒன்று கேட்க வேண்டும்: எந்த விமானத்தைச் செய்கிறீர்கள்? நம் கடற்படையின் 300-ஆவது பிரிவு, வெள்ளைப்புலிகள், 1960-இல் பிரிட்டனில் தொடங்கியபோது பெற்றவை பிரிட்டிஷ் வகையான எஃப்.ஜி.ஏ.6. பிறகு 1960-களின் நடுவில் மேற்கு ஜெர்மனியின் கடற்படை கழித்த மார்க் 100, 101 வகைகளில் 28 வாங்கப்பட்டன. ஜெர்மன் வகைக்குச் செங்குத்து வால் உயரம். 1971 டிசம்பர் 4 அன்று கிழக்குப் பாகிஸ்தானின் காக்ஸ் பஜாரைத் தாக்கப் புறப்பட்ட காலத்தில் இரு வகையும் நம் கையில் இருந்தன. ஆகையால் நீங்கள் ஒட்டப்போகும் எண்ணுடைய விமானத்தின் படத்தைத் தேடி, வாலைப் பார்த்துவிட்டு ஒட்டுங்கள். எஃப்.ஜி.ஏ.6-இன் குட்டை வால் உள்ள கிட்டில் (பாகங்கள் தொகுப்பில்) ஜெர்மன் வழி வந்த விமானத்தின் எண்ணை ஒட்டினால், தெரிந்தவர் கண்ணுக்கு உடனே படும்.

அரசலாறு (கும்பகோணம்) எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பத்தாயம் என்னிடம் இல்லை; பழைய மரப்பெட்டி ஒன்றில் பல்பு மாட்டி இரண்டு நாள் வைத்தேன். முதுகு முழுவதும் தெளிந்துவிட்டது. இறக்கையில் கரண்டிப் பழக்கத்துக்குப் பிறகு, நேற்று நண்பகலில் வெயில் அடித்தபோது ஈரமானி 64 காட்டியதைப் பார்த்துத் தின்னரைத் தூவினேன். மூன்றாவது தூவலில் சாம்பல் நிறம் அடியிலிருந்து எழுந்து வருவதைக் கண்ணால் பார்த்தேன். இறக்கையின் பின்னோரத்தில் மட்டும் ஓர் அரிசி அளவுக்கு வெளுப்பு இருக்கிறது.

ஈயக்குண்டுகளையும் எடுத்துவிட்டேன். ஒட்டி ஒன்றரை மாதம்தான் ஆகிறது, அதற்குள் இரண்டு குண்டுகளின் மேல் வெள்ளைத் திட்டு வந்திருந்தது. கடுவையாறு அண்ணா சொல்லியிருக்காவிட்டால் நான் அறிந்தே இருக்கமாட்டேன். வாலையும் பார்த்துவிட்டேன். நான் தேர்ந்தெடுத்திருந்த எண் உயர்ந்த வால் உடையது, கிட் எஃப்.ஜி.ஏ.6. எனவே வேறு எண்ணைத் தேடுகிறேன்.

இப்போது டீகாலில் ஒரு சங்கடம். தாள் பழையது, எழுத்துகளைச் சுற்றியுள்ள ஒளிபுகும் படலம் மஞ்சளடித்திருக்கிறது.

குடமுருட்டி (பாபநாசம்) எழுதியது:

மஞ்சளுக்கு வெயிலே மருந்து. தாளை ஈரம் புகாத பிளாஸ்டிக் உறையில் போட்டு, டீகால் பக்கம் வெளியே பார்க்கும்படி கிழக்குச் சன்னல் கண்ணாடியில் உள்பக்கமாக ஒட்டிவிடுங்கள். இந்த மாதத்தில் வெயில் குறைவு என்பதால் இரண்டு மூன்று வாரம் ஆகலாம். மழை இரவுகளில் எடுத்து மரப்பெட்டியிலேயே வையுங்கள், ஈரம் பட்டால் பசை தாளோடு ஒட்டிக்கொள்ளும்.

ஒட்டுவதற்கு முன் வட்டச் சின்னத்தை ஒரு கறுப்புத் தாளின்மேல் பிடித்துப் பாருங்கள். வெளி வளையம் காவி, நடுவில் வெள்ளை, உள்ளே பச்சை. காவிக்கு அடியில் வெள்ளை அச்சு இல்லையென்றால், அந்தக் கரும்சாம்பல் நிறத்தின்மேல் அது செங்கல் பழுப்பாகத் தெரியும். அப்படி இருந்தால், வட்டம் வரும் இடத்தில் அதே அளவுக்கு வெள்ளை வட்டம் ஒன்றை மறைப்புத்தாள் (மாஸ்கிங் தாள்) வெட்டி ஒட்டி அடித்துவிட்டு, அதன்மேல் ஒட்டுங்கள். அந்த அரிசி அளவு வெளுப்பை முதலில் தெளிவித்துவிடுங்கள்; டீகால் ஏறியபின் அந்தப் பக்கம் தின்னரைக் கொண்டுபோக முடியாது.