ஓட்டத்த விட்ட பிறகு என்ன செய்யிற? மருமகனுக்காகக் கேக்கிறன்

கல்லடி_மாமா:
எங்கட அக்காட மகன், 17 வயசு, 400 மீற்றர் ஓடுறான். மாகாண மட்டத்தில வெண்டதில இருந்து கோச் சொல்லுறாராம் ஏ/எல் (உயர்தரச் சோதினை) படிப்ப விட்டுட்டு கொழும்புக்கு வா, முழுநேரமா பயிற்சி எடு எண்டு. பெடியன் ஒலிம்பிக் ஒலிம்பிக் எண்டு கிடக்கான். அக்காவுக்கு அழுகை, 2017ல நம்மட ஒலிம்பிக் ஓட்டக்காரி சுசந்திகா மெடல விக்கப்போறன் எண்டு சொன்ன கதைய அவ இன்னும் மறக்கல்ல, மெடல் எடுத்தவக்கே அந்த நிலம எண்டா என்ட புள்ளைக்கு என்னடா எண்டு கேக்கா. ஒலிம்பிக் வரைக்கும் போனவங்க விட்ட பிறகு என்னத்தில சீவிக்காங்க?

முந்தி_ஓடினவன்:
தம்பி நான் ஒலிம்பிக் எல்லாம் போகல்ல, நெஷனல் மீட் வரைக்கும்தான், 400 ஹர்டில்ஸ். 27 வயசில ஹாம்ஸ்ட்ரிங் (பின்தொடைத் தச) மூணாந்தரம் பிஞ்சதோட விட்டன். காசுக் கதைய ஆரும் சொல்லுவாங்க, நான் மத்தத சொல்லுறன். முதல் மூணு மாசமும் வெள்ளாப்பில நாலரைக்கு முழிப்பு வந்திரும், ஷூவும் போட்டுருவன், மறுகா போக இடமில்ல, கடக்கரையில குந்திக்கொண்டு தோணி வாறதப் பாத்துக்கொண்டிருப்பன். பயிற்சி இல்ல ஆனா வயிறு பழைய கணக்கிலதான் சோறு கேக்கும், ஒரு வருசத்தில 14 கிலோ ஏறிட்டு. கலியாண வீட்டில "இவர் முந்தி ஓடினவர்" எண்டுதான் சொல்லுவாங்க, ஒருநாள் அதக் கேட்டுட்டு சாப்பிடாமலே எழும்பி வந்திட்டன் (அந்தப் பேரத்தான் இஞ்ச வச்சிரிக்கன்). நீச்சல்காரர் மைக்கேல் பெல்ப்ஸ் 28 ஒலிம்பிக் மெடல் எடுத்த மனிசன், ஒலிம்பிக் முடிய முடிய டிப்ரெஷன், 2012க்குப் பிறகு உசிரோட இருக்கவே பிடிக்கல்ல எண்டு அவரே சொல்லியிரிக்கார், அவருக்கு காசில்லையா? நான் மட்டக்களப்பு வெபர் மைதானத்தில சின்னப் புள்ளைகளுக்கு ஓட்டம் பழக்கத் தொடங்கின பிறகுதான் ஒழுங்கா நித்திர வந்த.

அக்கரைப்பற்று_சேர்:
எதிர்வீரசிங்கம் எண்ட பேர் பெடியனுக்குத் தெரியுமா எண்டு கேளுங்க. யாழ்ப்பாணத்து ஆள், உயரம் பாயுறவர், 1952 ஹெல்சிங்கி 1956 மெல்பேண் ரெண்டு ஒலிம்பிக்கும் போனவர், 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டில தங்கம், இலங்கைக்கு அதுதான் முதல் ஆசியத் தங்கம். ஆனா மனிசன் பாய்ச்சல மட்டும் நம்பி இருக்கல்ல, அமெரிக்காவில யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில படிச்சு கோர்னெல் பல்கலைக்கழகத்தில கலாநிதிப் பட்டமும் எடுத்தவர். 1948 ஒலிம்பிக்கில தடை ஓட்டத்தில நமக்கு வெள்ளி எடுத்த டங்கன் வைட்டும் பிறகு வெளிநாட்டில படிப்பிச்சுத்தான் சீவிச்சார். அவருக்குப் பிறகு நமக்கு அடுத்த மெடல் வர 52 வருசம், 2000ல சிட்னியில சுசந்திகா, அதுவும் ஓடினண்டு வெண்கலம், முதலா வந்த அமெரிக்காக்காரி மரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்து எடுத்த கதை வெளிய வந்துதான் வெள்ளியாச்சு. இந்தியாவில மெடல்காரருக்கு 30 வயசில இருந்து மாசப் பென்சன் இரிக்கு, அதுக்கும் மெடல் வேணுமே. நம்மட நாட்டில ஆமி, பொலிஸ் டீமில சேந்து ஓடுறவங்கதான் கொஞ்சம் தப்பினாங்க, கால் நிண்டாலும் உத்தியோகம் நிக்காது.

வாழைச்சேனை_மச்சான்:
ஹாஹா எல்லாரும் ரிட்டையர்மன்ட் வரைக்கும் போயிட்டீங்க, பெடியன்ட நேரம் என்ன எண்டு ஆருமே கேக்கல்லயே

கல்லடி_மாமா:
49.8 😄 நேத்து ராவு பேசினம், ஏ/எல்ல எழுதிட்டுப் போறதெண்டு முடிவு, கோச்சுக்கு கோவம், பெடியன் மூஞ்ச நீட்டிக்கொண்டு திரியிறான், சோறும் பாதிதான் திண்டான். சேர், பொலிஸ் டீமுக்கு எப்பிடி எடுக்கிற, ஆரப் போய்ப் பாக்கோணும்? அண்ணன், நீங்க வெபருக்கு எந்த நாள் வாற? அவன ஒருக்கா கூட்டிட்டு வரட்டா, நான் சொன்னா கேக்கிறானில்ல.