வாங்கெல் எஞ்சினுக்கு ஒரு தமிழ்ப்பெயர்: உரலும் குழவியும்

கலைச்சொல் குழும நண்பர்களுக்கு வணக்கம்.

மேலும் கீழும் போகிற பிஸ்டன் இல்லாமல், உள்ளே ஒரு பாகம் சுற்றிவந்தே ஓடுகிற வாங்கெல் எஞ்சினுக்கு, போன வாரம் இந்த இழையில் 'சுழற்பொறி' என்ற சொல் வந்து, ஏறக்குறைய முடிவும் ஆகிவிட்டது. நான் அப்போது மடல் எழுதவில்லை. அதே எஞ்சின் ஒன்றை ஒரு பழைய காரிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தோம். இப்போது அது பட்டறையில் கப்பியில் தொங்குகிறது. கை கழுவிய கையோடு எழுதுகிறேன்: அந்தச் சொல் போதாது. ஏன் என்று சொல்ல வண்டியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

வண்டி மாஸ்டா ஆர்எக்ஸ்-7. 1978-ல் வெளிவரத் தொடங்கிய முதல் தலைமுறை. வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பிய ஒருவர் கொண்டுவந்தது. அவர் காலமான பிறகு திசையன்விளைப் பக்கம் ஒரு தோட்டத்தில், தகரக் கொட்டகைக்குள் பதினைந்து வருடத்துக்கு மேல் கிடந்திருக்கிறது. ஒரு பக்கம் தேரி மணல், இன்னொரு பக்கம் உவரிக் கடற்காற்று. பானட்டைத் திறந்தபோது எலி கடித்த வயர்களும், ஏர் கிளீனருக்குள் தேங்காய் நாரும், பேட்டரித் தட்டு இருந்த இடத்தில் ஒரு ஓட்டையும்தான் இருந்தன. பாளையங்கோட்டையில் பட்டறை வைத்திருக்கும் என் மச்சினன் அதை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தான். நான் கூடமாட உதவிக்குப் போனேன்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். பட்டறைத் தமிழில் எஞ்சினை 'இறக்குவது' என்றுதான் சொல்வார்கள். சங்கிலிக் கப்பி போட்டு மேலே தூக்கித்தான் எடுப்பார்கள், ஆனாலும் பேச்சில் இறக்குவதுதான். வண்டியை ஒரு பாரம் சுமக்கும் உயிராகப் பார்க்கிற சொல் அது. 'அகற்றுதல்', 'நீக்குதல்' என்றெல்லாம் அகராதியில் போட வேண்டாம், 'எஞ்சின் இறக்கம்' என்றே போடலாம் என்பது என் கருத்து. மரை, குறடு, திருப்புளி, கப்பி, வார் எல்லாம் இப்படிப் பட்டறையில் உயிரோடு இருக்கிற சொற்கள். நம் பட்டியல்களில் இவை குறைவாகவே இடம்பெறுகின்றன என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ரேடியேட்டர், கார்புரேட்டர், ஸ்டார்ட்டர் மோட்டார் எல்லாம் கழற்றியாகிவிட்டது. புகைபோக்கி பக்கத்து நட்டுகள் மரையோடு சேர்ந்து துருவேறி ஒன்றாகிப்போயிருந்தன. சூடு காட்டி, மண்ணெண்ணெய் விட்டு, ஒரு நாள் முழுக்க அதிலேயே போனது. அப்போது பட்டறைத் தம்பி, பத்தொன்பது வயது, கேட்டான்: "அண்ணாச்சி, இதுல பிஸ்டன் எங்கன இருக்கு?"

நான் குழுமத்தில் படித்ததை வைத்து, "இதில் பிஸ்டன் கிடையாது, இது சுழற்பொறி" என்றேன்.

"எல்லா எஞ்சினும் சுத்தத்தான செய்யி?" என்றான்.

அவன் சொன்னது சரி. எந்த எஞ்சினிலும் தண்டு சுழலத்தான் செய்கிறது. நான் எங்கள் வீட்டுப் பின்கட்டை நினைத்துக்கொண்டு சொன்னேன்: "ஆட்டுரல் பாத்திருக்கியா? உரலுக்குள்ள குழவி எப்படிப் போவும்? தானும் சுத்தும், குழியையும் சுத்திவரும். எங்கேயாவது ஒரு ஓரத்துல ஒட்டிக்கிட்டே இருக்கும். அதுதான் இது." அவன் உடனே, "அப்பம் குழவி மூணு மூலையா இருக்குமோ?" என்று கேட்டுவிட்டான். நான் அதுவரை மூலையைப் பற்றிப் பேசவே இல்லை. பக்கத்தில் வைத்திருந்த படத்தைப் பார்த்து அவனாகவே சேர்த்துக்கொண்டான். ஒரு கலைச்சொல் செய்ய வேண்டிய வேலை அந்த இடத்தில் நடந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது.

'சுழற்பொறி'யில் எனக்கு இருக்கும் சிக்கல்களைச் சொல்கிறேன். முதலாவது, அந்தப் பெயருக்கு வேறு சொந்தக்காரர் இருக்கிறார். முதல் உலகப்போர்க் கால விமானங்களில் நோம் என்ற பிரெஞ்சு எஞ்சின் உண்டு. அதில் நடுத்தண்டு அசையாது, உருளைகள் மொத்தமும் விசிறியோடு சேர்ந்து சுற்றும். மேல்நாட்டில் 'ரோட்டரி' என்ற பெயர் முதலில் ஒட்டியது அந்த வகைக்குத்தான். விமான வரலாறு எழுதப்போகும் தமிழருக்கு 'சுழற்பொறி' தேவைப்படும். அடுத்தது, 'சுழலி' என்பதை நாம் டர்பைனுக்குக் கொடுத்துவிட்டோம். பணகுடி, ராதாபுரம் வட்டாரத்தில் காற்றாலை வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கும், கூடங்குளத்தில் வேலை பார்ப்பவர்களுக்கும் அது அன்றாடச் சொல். இங்கே சுழற்பொறி என்றால் அவர்கள் மனத்தில் இறக்கையும் நீராவியும்தான் வரும்.

இவற்றைவிடப் பெரிய குறை, சுழல்வது அந்த எஞ்சினின் பாதிக் கதைதான். ஜெர்மனியில் பெலிக்ஸ் வாங்கெல் 1957-ல் முதலில் ஓட்டிக் காட்டிய எஞ்சினில், உள்ளே இருப்பது, சுற்றிலும் இருப்பது இரண்டும் தத்தம் அச்சில் சுழன்றன. அது நுணுக்கமான வடிவம், கழற்றி மாட்டுவது பெரும்பாடு. என்எஸ்யு நிறுவனத்தில் ஹான்ஸ் டீட்டர் பாஷ்கே அதை மாற்றி, வெளிக்கூட்டை அசையாமல் நிறுத்தி, உள்ளே இருப்பதை மட்டும் சுற்றிவர வைத்தார். இன்று நாம் பார்ப்பது இந்த இரண்டாவது வகை. ஜெர்மானியர் இரண்டுக்கும் ஒரே பெயர் வைக்கவில்லை. ஒன்றைச் 'சுழல்கிற பிஸ்டன்' என்றும் மற்றதை 'வட்டமிடுகிற பிஸ்டன்' என்றும் பிரித்தார்கள். தன்னைத்தானே சுழல்வது வேறு, ஒன்றைச் சுற்றிவருவது வேறு என்று நம் பள்ளிக்கூடத்தில் பூமியை வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள் அல்லவா, அதே பிரிவுதான். இந்த எஞ்சினின் உள்பாகம் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்கிறது. தண்டு மூன்று முறை சுற்றினால் அது ஒரு முறை சுழலும்.

இந்த இரட்டை அசைவைக் குறிக்கத் தமிழில் ஏற்கெனவே ஒரு வினை இருக்கிறது: ஆட்டு. "தோசைக்கு ஆட்டியாச்சா?" என்று கேட்கிறோம். செக்கில் எண்ணெய் ஆட்டுகிறோம். ஒரு குழிக்குள் ஒரு பொருள், சுவரோடு உரசிக்கொண்டு, தானும் திரும்பிக் குழியையும் வலம்வருவது என்ற முழு அசைவும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. ஆகவே என் முன்மொழிவு இது: வெளிக்கூடு உரல், உள்ளே ஆடுவது குழவி, மொத்த எஞ்சினுக்கு ஆட்டுப்பொறி.

அடுக்களைச் சொல் கௌரவக் குறைவு என்று யாராவது நினைத்தால், இந்த எஞ்சினை உலகத்திலேயே அதிகம் கட்டிய ஜப்பானியரைப் பாருங்கள். மூன்று மூலைக் குழவியை அவர்கள் 'ஓமுசுபி' என்கிறார்கள். கையால் பிடித்த முக்கோணச் சோற்றுருண்டை அது. உரலின் உள்வடிவத்தைப் பட்டுப்பூச்சிக் கூட்டின் வடிவம் என்கிறார்கள். 1960-களில் மாஸ்டாவில் யமமோட்டோ கெனிச்சி தலைமையில் இந்த எஞ்சினைத் தேற்றியபோது, குழவியின் முனைகள் உரலின் உட்சுவரில் வரிவரியாகக் கீறிப் பாழாக்கின. அந்தக் கீறலுக்கு அவர்கள் வைத்த பெயர் 'பேயின் நகத்தடம்'. அலுமினியத்தோடு கரியைச் சேர்த்துச் செய்த முனைப்பட்டையால் அதைத் தீர்த்து, 1967-ல் காஸ்மோ ஸ்போர்ட் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். வேலை செய்தவர்களே வைத்த பெயர் என்பதால்தான் அது நிற்கிறது.

இப்போது அந்த முனைப்பட்டை. குழவியின் ஒவ்வொரு முனையிலும் ஒரு காடி, காடிக்குள் ஒரு மெல்லிய உலோகப் பட்டை, அதை வெளியே தள்ள அடியில் ஒரு வில், அதாவது ஸ்பிரிங். பிஸ்டனுக்கு ரிங் எதைச் செய்கிறதோ, இதற்கு அந்தப் பட்டை அதைச் செய்கிறது. ஆங்கிலத்தில் இது 'ஏபெக்ஸ் சீல்'. முன்பு ஒருமுறை ஒரு மொழிபெயர்ப்பில் இதை 'உச்சி முத்திரை' என்று பார்த்தேன். மனம் வலித்தது. கசிவை அடைக்கிற சீலும் பத்திரத்தில் குத்துகிற சீலும் ஒன்றல்ல. முனைப்பட்டை என்றால் கையில் எடுத்துப் பார்க்கிறவனுக்குப் புரியும்.

எங்கள் வண்டியின் நோயும் அங்கேதான். இந்த 12ஏ வகை எஞ்சினில் புகை வெளியேறும் வாய் உரலின் சுவரிலேயே இருக்கிறது. புகைபோக்கியைக் கழற்றிவிட்டு டார்ச் அடித்தால் முனைப்பட்டையைக் கண்ணால் பார்க்கலாம். வேப்பங்குச்சியை விட்டு அமுக்கினால் வில் தள்ளி மேலே வர வேண்டும். வரவில்லை. கரியும் துருவும் சேர்ந்து காடியோடு பிடித்துவிட்டது. பிளக் ஓட்டைகள் வழியாக மண்ணெண்ணெயும் ஆயிலும் விட்டு நாலு நாள் ஊறப்போட்டு, முன்பக்கக் கப்பி போல்ட்டில் ஸ்பானர் மாட்டி மெதுவாகத் திருப்பிப் பார்த்தோம். ஒரு விரல்கடை அசைந்து நின்றுவிட்டது. மேலும் நெருக்கினால் பட்டை உடையும். இறக்கிப் பிரிப்பதே மேல் என்று முடிவு செய்தோம். அந்த முன் போல்ட்டைத் தளர்த்திவிடாதீர்கள் என்று இந்த வகை எஞ்சினில் கை வைக்கிற யாருக்கும் சொல்வேன். தளர்ந்தால் உள்ளே இருக்கும் ஊசி பேரிங் இடம் நழுவி, திரும்ப இறுக்கும்போது நசுங்கிவிடும்.

வாயில் பற்றியும் ஒரு யோசனை. இதில் வால்வு கிடையாது. குழவி கடந்து போகும்போதே வாய் திறக்கிறது, மூடுகிறது. நம் குளங்களில் தண்ணீர் எடுக்கிற வாய் மடை, மிஞ்சியது வெளியேறுகிற இடம் மறுகால். காற்றும் பெட்ரோலும் வருவது உள்மடை, புகை போவது மறுகால் என்று வைத்தால் என்ன? தாமிரபரணிப் பாசனத்தில் பிறந்தவர்களுக்கு இது மனப்பாடம். மற்ற ஊர்க்காரர்கள் சொல்லுங்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து.

டீச்சரக்காவின் மறுமொழி:

தம்பி, மடல் படித்தேன். நான் முப்பது வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்தவள், அதனால் மூன்று விஷயம் சொல்கிறேன். 'ஆட்டுப்பொறி' வேண்டாம். படிக்கிற பிள்ளை அதை ஆட்டைப் பிடிக்கிற பொறி என்றுதான் படிப்பான். குழவியும் உரலும் எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் உரல்குழி வட்டம், உன் எஞ்சினில் அப்படி இல்லை. ஒரு வளையலைச் சுற்றி, அதில் பாதி அளவுள்ள மூடி ஒன்றை வெளிப்பக்கமாக உருட்டிப் பார். மூடிக்குள் நடுவுக்குச் சற்றுத் தள்ளிக் குத்திய ஒரு புள்ளி வரைகிற கோடுதான் அந்த உரலின் சுவர். இடுப்பு ஒடுங்கிய வடிவம். சொல் அழகாக இருப்பதால் இந்தக் கணக்கு மறைந்துவிடக் கூடாது. மறுகால் எனக்குச் சம்மதமில்லை. மறுகாலில் போவது நல்ல தண்ணீர், அடுத்த குளத்துக்குப் போய்ச் சேர்வது. புகை அப்படியா?

என் மறுமொழி:

டீச்சரக்கா, மறுகால் பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. அதைத் திரும்பப் பெறுகிறேன். ஒரு குளத்தின் மறுகால் அடுத்த குளத்தின் வரத்து என்பதை மறந்து எழுதிவிட்டேன். 'புகைவாய்' போதும். உள்மடை மட்டும் இருக்கட்டும்.

ஆட்டுப்பொறியையும் விட்டுவிடுகிறேன். 'உரற்பொறி' என்று வைத்துக்கொள்வோம். பேச்சில் உரல் எஞ்சின் என்று தானாக வரும்.

வட்டம் பற்றிய கேள்விக்கு மட்டும் வாதாடுகிறேன். எஞ்சின் உருளையும் 'உருளை'தான், உருளைக்கிழங்கும் 'உருளை'தான். சொல் வடிவத்தை முழுதும் சொல்ல வேண்டியதில்லை, வேலையைச் சொன்னால் போதும். வடிவத்துக்கு உங்கள் வளையலும் மூடியும் விளக்கமாகச் சொல்லுக்குக் கீழே வரட்டும். நேற்று ராத்திரி தட்டு மூடியை வைத்து வரைந்து பார்த்தேன், அப்படியே வந்தது. குழவிக்குள் இருக்கும் பல்வளையத்தில் 51 பல், அது கடித்து ஓடுகிற அசையாத சக்கரத்தில் 34. மூன்றுக்கு இரண்டு. உங்கள் கணக்கு அந்தப் பல்லில் உட்கார்ந்திருக்கிறது.

1930-களில் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தார், இ. மு. சுப்பிரமணிய பிள்ளை போன்றவர்கள், கலைச்சொல் வேலையை நம் நெல்லையிலிருந்து முன்னெடுத்தார்கள். அந்த ஊரில் இருந்துகொண்டு ஒரு சொல்லையாவது சரியாகச் செய்துவிட வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு நீட்டுகிறேன்.

இன்னும் மூன்று பாகத்துக்குப் பெயர் வேண்டும். குழவியைத் தாங்கும் தண்டு: அதன் மேடு நடுவிலிருந்து விலகி இருக்கும். 'புறமையத் தண்டு' என்று எழுதிவைத்திருக்கிறேன், வாயில் வரவில்லை. குழவியின் முகத்தோரம் ஓடும் ஆறு வளைந்த கம்பிகள். முனைப்பட்டையின் இரண்டு நுனியிலும் உட்காரும் குமிழ்கள், குழவிக்கு ஆறு. குமிழுக்கு மச்சினன் 'முக்குக் குமிழ்' என்கிறான். தெரு முக்கு என்கிற அதே முக்கு. எனக்குச் சம்மதம். மற்ற இரண்டுக்கும் நீங்கள் சொல்லுங்கள்.

எஞ்சினின் பின்பக்க ஃபிளைவீல் நட்டு 54 மில்லிமீட்டர். அந்த அளவுக்கு ஸ்பானர் எங்கள் பட்டறையில் இல்லாததால் லேத்தில் செய்யக் கொடுத்திருக்கிறோம். வியாழக்கிழமை வந்துவிடும். வந்ததும் எஞ்சினைப் பிரிப்போம். உரல்சுவரில் நகத்தடம் இருக்கிறதா என்று பார்த்து எழுதுகிறேன்.