சப்வூஃபரில் பேஸே வரவில்லை, அவசர உதவி!!

இடிமுழக்கம்
எல்லாருக்கும் வணக்கம். பேஸுக்கென்றே இருக்கிற ஸ்பீக்கர், புது சப்வூஃபர் ஒன்று வாங்கி மாட்டியிருக்கிறேன். பாட்டு போட்டால் பேஸ், அதாவது அந்தக் கனத்த அடிச் சத்தம், கொஞ்சம்கூட வரவில்லை. வயரை மாற்றியாயிற்று, வால்யூமை முழுசாகத் திருகியாயிற்று, ஒன்றும் நடக்கவில்லை. திருப்பிக் கொடுக்க நாளைதான் கடைசி நாள். கொடுத்துவிடலாமா? சீக்கிரம் சொல்லுங்கள்.

மொட்டைமாடி ஸ்பீக்கர்
எந்த சப்? எதோடு இணைத்திருக்கிறீர்கள்? ஏவிஆரா (படம், பாட்டு இரண்டுக்கும் எல்லா ஸ்பீக்கரையும் ஓட்டும் பெட்டி), இரண்டு ஸ்பீக்கர் மட்டும் ஓட்டும் ஸ்டீரியோ ஆம்ப்பா? பின்னால் லைட் எரிகிறதா, எரிந்தால் என்ன நிறம்?

வால்வு வாத்தியார்
"பேஸ் வரவில்லை" என்று மொட்டையாகப் போட்டால் நாங்கள் ஜோசியமா பார்ப்பது? அறையின் நீள அகலம் என்ன, சப் எங்கே இருக்கிறது, எதுவும் இல்லை. தேடும் வசதி என்று ஒன்று இருக்கிறது தம்பி, அதையும் கொஞ்சம் பயன்படுத்தலாம். நூற்றுக்குத் தொண்ணூறு இது அறைப் பிரச்சினை. சப்பை மூலைக்குத் தள்ளு.

தவில்காரன்
மூலைக்குத் தள்ளினால் குழப்படியாகத்தான் கேட்கும். பின்னால் ஃபேஸ் சுவிட்ச் (சப்பின் ஒலி அலையைத் திருப்பிப் போடுவது) இருக்கும் பாருங்கள், 0-வில் இருந்தால் 180-க்கு மாற்றுங்கள். என் வீட்டில் அதுதான் காரணமாக இருந்தது.

இடிமுழக்கம்
லைட் பச்சை. ஏவிஆர்தான். ஃபேஸ் மாற்றினேன், வித்தியாசம் இல்லை. மூலையில் பீரோ இருக்கிறது.

கடைசி பெஞ்ச்
எந்தப் பாட்டைப் போட்டுப் பார்க்கிறீர்கள்? அதை இதுவரை யாரும் கேட்கவில்லையே.

இடிமுழக்கம்
மெட்டாலிகா. ஜஸ்டிஸ் ஃபார் ஆல், ரீமாஸ்டர். பிளாக்கெண்ட், ஒன் என்ற இரண்டு பாட்டும் போட்டேன். ஏன்?

கடைசி பெஞ்ச்
😂😂😂 ஐயா, சப்பைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். அந்த ஆல்பத்தில் பேஸே கிடையாது.

தவில்காரன்
அடப்பாவமே. உலகத்தில் இருக்கிற ஆல்பத்தை எல்லாம் விட்டுவிட்டு, சப் சோதிக்க இதையா எடுத்தீர்கள்! 1988-இல் வந்தது. குழுவில் பேஸ் கிட்டார் வாசித்த கிளிஃப் பர்ட்டன் 1986-இல் ஸ்வீடனில் பஸ் விபத்தில் இறந்த பிறகு ஜேசன் நியூஸ்டெட் பேஸ் வாசித்த முதல் முழு ஆல்பம். மனுஷன் வாசித்திருக்கிறார், கேட்கத்தான் கேட்காது. மிக்ஸிங் செய்த ஸ்டீவ் தாம்சன் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார், பேஸை இறக்கச் சொன்னது டிரம்மர் லார்ஸ் உல்ரிக் என்று. போதாததற்கு அந்தக் கோடையில் மான்ஸ்டர்ஸ் ஆஃப் ராக் கச்சேரிகளுக்கும் ஸ்டுடியோவுக்கும் மாறி மாறி ஓடிக்கொண்டிருந்தார்கள். காது என்ன நிலையில் இருந்திருக்கும்?

வால்வு வாத்தியார்
வதந்தியை விடுங்கள், ஒலியைக் கேளுங்கள். நியூஸ்டெட் பெரும்பாலும் ரிதம் கிட்டார் போகிற வழியிலேயே அதே சுரங்களை வாசிக்கிறார். பாடகர் ஹெட்ஃபீல்டின் ரிதம் கிட்டார் அந்த அடிப்பகுதியை ஏற்கெனவே அடைத்துக்கொண்டிருக்கிறது. கிக் டிரம் (காலால் அடிக்கிற பெரிய டிரம்) டிக் டிக் என்று டைப்ரைட்டர் மாதிரி. பேஸுக்கு உட்கார இடமே இல்லை. எல்லாரும் லார்ஸைத் திட்டுவது சுலபம்.

கரிசல் கிட்டார்
இடம் இல்லாதது ஒரு பக்கம். மிக்ஸிங்கில் பேஸின் ஃபேடரை, அதாவது ஒலி அளவை, இறக்கியதும் உண்மைதானே, வாத்தியாரே?

இன்னொன்று, ரீமாஸ்டர் என்று நம்பி ஏமாறவேண்டாம். 2018-இல் வந்தது ரீமாஸ்டர்தான், ரீமிக்ஸ் இல்லை. கலந்து முடித்த இரண்டு சேனல் டேப்பைத்தான் மெருகேற்றுவார்கள். அதிலிருந்து பேஸை மட்டும் தனியாகத் தூக்க முடியாது, தூக்கினால் கிட்டாரும் கிக்கும் சேர்ந்தே ஏறும். ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாக இருக்கிற மல்டிடிராக்கைத் திறந்து மறுபடி கலந்தால்தான் உண்டு.

கடைசி பெஞ்ச்
அப்படித் திறந்து கலந்ததெல்லாம் நன்றாகவா வந்தது? ஸ்டூஜஸ் குழுவின் ரா பவர் ஆல்பம் 1973-இல் டேவிட் போவி கலந்தது, சலசலவென்று இருக்கிறது என்று புலம்பினார்கள். 1997-இல் அவர்கள் பாடகர் இக்கி பாப் தானே உட்கார்ந்து மறுபடி கலந்தார். இப்போது ஒலி மீட்டரின் முள் சிவப்பை விட்டு இறங்கவே இறங்காது. நான் இன்னும் போவியுடையதைத்தான் போடுகிறேன்.

கரிசல் கிட்டார்
ரஷ் குழுவின் வேப்பர் டிரெயில்ஸ் மட்டும் என்னவாம்? 2002-இல் வந்தது கரகரவென்று நசுங்கிக் கிடந்தது. 2013-இல் டேவிட் பாட்ரில் மறுபடி கலந்த பிறகுதான் டிரம்மும் பேஸும் தனித்தனியாகத் தெரிந்தன. செய்கிறவர் செய்தால் வரும்.

மொட்டைமாடி ஸ்பீக்கர்
ரோலிங் ஸ்டோன்ஸின் எக்ஸைல் ஆன் மெயின் ஸ்ட்ரீட்டை யாரும் தொடவேண்டாம் என்று இப்போதே சொல்லி வைக்கிறேன். தெற்கு பிரான்ஸில் கீத் ரிச்சர்ட்ஸ் வாடகைக்கு எடுத்த வீட்டின் புழுக்கமான நிலவறையில், வாசலில் நின்ற வண்டியில் டேப் ஓட்டிப் பதிந்தது. ஜாக்கரின் குரல் பாதி மூழ்கித்தான் இருக்கும். அந்தக் கலங்கலை எடுத்துவிட்டால் அப்புறம் அதில் என்ன மிச்சம்?

வால்வு வாத்தியார்
மெட்டாலிகாவை ஸ்டோன்ஸ் பக்கத்தில் வைத்துப் பேசுகிறீர்கள். அது மெட்டல். கிளாசிக் ராக் என்றால் என்ன என்று நான் ஏற்கெனவே விரிவாக எழுதியிருக்கிறேன்.

தவில்காரன்
ஜஸ்டிஸ் வந்து 35 வருஷத்துக்கு மேல் ஆயிற்று வாத்தியாரே, இன்னும் எவ்வளவு பழசாகவேண்டும்?

நடுச்சாமம்
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். ஆல்பம் ஒரு காரணம், சரி. ஆனால் அது மட்டும்தானா? அந்த ஆல்பத்திலும் கிக் டிரம்முக்கு சப் லேசாகவாவது அசையவேண்டும். இடிமுழக்கம், சினிமா பார்க்கும்போது சப் வேலை செய்கிறதா?

இடிமுழக்கம்
படத்தில் குண்டு வெடித்தால் சோபாவே ஆடுகிறது. பாட்டில்தான் இல்லை.

நடுச்சாமம்
அதைத்தான் நினைத்தேன். ஏவிஆரில் ஸ்பீக்கர் அமைப்புக்குப் போங்கள். முன் ஸ்பீக்கர்கள் 'லார்ஜ்' என்று இருக்கும். அப்படி இருந்தால் பேஸ் முழுவதும் அவற்றுக்கே போய்விடும். படத்தில் சப்புக்கென்று தனிச் சேனல் இருக்கிறது, அதனால் அங்கே அதிர்கிறது. ஸ்டீரியோ பாட்டில் அந்தச் சேனலே கிடையாது, சப் சும்மா உட்கார்ந்திருக்கும். 'ஸ்மால்' ஆக்கி, கிராஸ்ஓவரை (எதற்குக் கீழே உள்ள ஒலி சப்புக்குப் போகவேண்டும் என்ற எல்லை) 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். சப்பின் பின்னால் இருக்கிற கிராஸ்ஓவர் திருகை மேலே கடைசி வரை திருப்பிவிடுங்கள், இரண்டும் சண்டை போடவேண்டாம். சப்பின் வால்யூமைப் பாதிக்கு இறக்கிவிட்டு, அதே குழுவின் 1991 கருப்பு ஆல்பத்திலிருந்து சாட் பட் ட்ரூ போடுங்கள். முதலிலேயே இறக்குங்கள்.

வால்வு வாத்தியார்
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். அறை அளவு தெரியாமல் 80 என்று சொல்வது சரியில்லை, அதையும் பதிவு செய்கிறேன்.

கரிசல் கிட்டார்
அறை அளவு இருக்கட்டும், முன் ஸ்பீக்கர் என்ன மாடல்? சின்ன புக்ஷெல்ஃப் என்றால் 100 வைக்கலாம்.

இடிமுழக்கம்
லார்ஜில்தான் இருந்தது. மாற்றினேன். சாட் பட் ட்ரூவுக்கு பீரோ கதவு கடகடக்கிறது, கீழ் வீட்டு மாமா மேலே வந்துவிட்டார். ஜஸ்டிஸும் போட்டேன், கிக் தெரிகிறது, பேஸ் அப்படியேதான். சப்பைத் திருப்பிக் கொடுக்கவில்லை. நன்றி நடுச்சாமம் அண்ணா.

கடைசி பெஞ்ச்
ரசிகர்கள் யாராவது பேஸை ஏற்றிக் கலந்த ஜஸ்டிஸ் இணையத்தில் கிடைக்கும், தேடிப் பாருங்கள்.

வால்வு வாத்தியார்
அதெல்லாம் அசல் ஆகாது.

கரிசல் கிட்டார்
முன் ஸ்பீக்கர் மாடல் என்ன என்று கேட்டேனே?