டிமென்ஷியா (மறதி நோய்): சாயங்காலமானால் "வீட்டுக்குப் போகணும்" என்று கிளம்பும் மாமியார்

வேம்பு_திருச்சி:
அத்தைக்கு வயது 81. பகலில் பரவாயில்லை. அஞ்சு மணியானால் புடவையைப் பையில் திணித்துக்கொண்டு, "நேரமாச்சு, அவர் வந்துருவார், வீட்டுக்குப் போகணும்" என்று வாசலுக்குப் போகிறார். மாமா தவறி 9 வருடம். உண்மையைச் சொன்னால் அழுகை, மறைத்தால் கோபம். என்னதான் பேசுவது?

நர்ஸ்_மதுரை:
திருத்தாதீங்க. "மாமா போயிட்டாரே" என்பது ஒவ்வொரு முறையும் அவருக்குப் புதிய சாவுச் செய்தி. சொன்னது மறந்துவிடும், துக்கம் மட்டும் தங்கும்.

வாசலை மறிக்காமல் முன்பக்கமாக வந்து, அவர் கண்மட்டத்துக்கு இறங்கி, அவர் வார்த்தையையே எடுங்கள்: "நேரமாச்சா அத்தை? வீட்டுல யாரு இருக்கா?" யாரு, என்ன, எங்கே, எப்படி என்று கேட்கலாம். "ஏன்" மட்டும் வேண்டாம். காரணம் சொல்லத் தெரியாமல் தவிப்பார், அந்தத் தவிப்புதான் கோபமாக வரும். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி. மனசுக்குள் பத்து எண்ணும்வரை பதிலுக்குக் காத்திருங்கள். பொறுக்காமல் வேறு வார்த்தையில் திரும்பக் கேட்டால் அவர் முதலிலிருந்து யோசிக்க வேண்டிவரும்.

அடுத்து, "நீங்க போகலைன்னா என்ன ஆகும்?" "யாரு சோறு வடிப்பா?" என்று பதில் வந்தால் பிடி கிடைத்துவிட்டது. முருங்கைக்கீரையை முறத்தில் வைத்து உருவச் சொல்லுங்கள். அவர் கேட்பது வீட்டை அல்ல, வேலையை.

இது முதியோர் நலப் பணியாளர் நவோமி ஃபைல் அமெரிக்காவில் 1963 தொடங்கி உருவாக்கிய வேலிடேஷன் முறை, அதாவது அவர் சொல்வதைத் திருத்தாமல் அவர் உணர்வை ஏற்றுப் பேசுவது.

காவிரிக்கரை:
வேலிடேஷனால் பலன் உண்டு என்று உறுதிசெய்யச் சான்று போதாது என்றுதான் 2003 காக்ரேன் மதிப்பாய்வு (பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடுவது) சொன்னது. ஆனாலும் எதிர்வாதம் செய்வதைவிட இது எவ்வளவோ மேல். "இப்ப வந்துருவார்" என்று சமாளிப்பதுதான் ஆபத்து. ராத்திரிவரை வாசலிலேயே உட்கார்ந்திருப்பார். "மாமாவைத் தேடுதா அத்தை? அவருக்கு என்ன குழம்பு பிடிக்கும்?" என்றால் பொய்யும் இல்லை, மனசுக்கு அடியும் இல்லை.

முதியோர்_மருத்துவம்:
பேச்சுக்கு முன்னால் உடம்பைப் பாருங்கள். இது ரெண்டு மூணு நாளில் திடீரென்று கூடியதென்றால் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், தண்ணீர் குறைவு, குளோர்பெனிரமின் உள்ள சளி மாத்திரை, இவற்றில் ஒன்று இருக்கலாம். அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். மற்றபடி நாலரைக்கே எல்லா விளக்கையும் போட்டுவிடுங்கள். மங்கலில் நிழல்கூட ஆளாகத் தெரியும். காதுக்கருவி இருந்தால் பேட்டரியையும் பாருங்கள்.

வேம்பு_திருச்சி:
நன்றி. வாசலைப் பூட்டலாமா?

நர்ஸ்_மதுரை:
வீட்டில் ஆள் இருக்கும்போது மட்டும். அவர் கண் போகாத உயரத்தில் தாழ்ப்பாள் போடுங்கள். பூட்டை ஆட்டிப் பார்த்தால் அடைத்து வைத்திருப்பதாக நினைத்துக் கத்துவார்.