புதுப்பிப்பு: அப்பாவின் கெண்டைக்கால் வலி நரம்புக் கோளாறு இல்லை

போன மாதம் எழுதியிருந்தேனே, திருநெல்வேலி டவுனில் ரத வீதி நான்கையும் சுற்றி வரும் அப்பா இப்போது வாகையடி முக்கு வருவதற்குள் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறார், இரண்டு நிமிடம் நின்றால் வலி போய்விடுகிறது என்று. நரம்பு, தைலம் தேயுங்கள் என்று பலர் சொன்னீர்கள். நானும் தேய்த்தேன்.

பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். பாதத்தில் விரல் வைத்து நாடி பார்த்தார். இடது காலில் கிடைக்கவே இல்லை. கணுக்கால் பிரஷரைக் கைப் பிரஷரால் வகுத்தால் 0.68. 0.9-க்குக் கீழே இருந்தாலே காலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்று கணக்காம்.

சாக்கடையில் பிசுக்கு படிகிற மாதிரி என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பீடிப் புகை, சர்க்கரை, பிரஷர் எல்லாம் குழாயின் உள்தோலைக் கெடுக்கின்றன. கெட்ட கொழுப்பு சுவருக்குள்ளேயே நுழைகிறது. அதை விழுங்க வரும் வெள்ளை அணுக்கள் விழுங்கி விழுங்கி அங்கேயே வீங்கிச் சாகின்றன. மேலே நார் மூடி, சுண்ணாம்பும் சேர்ந்து தடிக்கிறது. பல வருட வேலை இது. உட்கார்ந்திருக்கும்போது வருகிற ரத்தம் போதும். நடந்தால் தசை கூடுதலாகக் கேட்கும், கிடைக்காது, வலிக்கும். இதயக் குழாயிலும் இதே கதை இருக்கலாம் என்று ஈசிஜியும் எடுத்தார்கள்.

கொழுப்பைக் குறைக்க ஸ்டாட்டின் மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின் கொடுத்தார். பீடிக்கு முழுக்கு. அப்புறம், நடக்கத்தான் சொன்னார்! வலிக்கும் வரை நடந்து, நின்று, மறுபடி நடக்க வேண்டும்.

“சரி, விடுதேன்” என்றார் அப்பா. சட்டைப்பையில் தீப்பெட்டி மட்டும் இன்னும் இருக்கிறது. விளக்கேற்றவாம்.