கெடெற் பைலட் விண்ணப்பம்: காணி உறுதியை வைத்துப் போகலாமா?

உரும்பிராய்_தமையன்

தம்பிக்கு 20 வயது. ஏ.எல் கணிதப் பிரிவு. பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் ஸ்கோர் பொறியியலுக்குக் கொஞ்சம் போதாமல் போய்விட்டது. திரும்ப எடு என்றால், 'கெடெற் பைலட்' என்று ஒரு விளம்பரத்தைக் கொண்டுவந்து காட்டுகிறான். பறக்கத் தெரியாதவர்களை எடுத்துப் பயிற்சி தந்து விமானியாக்கும் திட்டமாம். வெளிநாட்டு விமான நிறுவனம், இலங்கையரும் விண்ணப்பிக்கலாம் என்று போட்டிருக்கிறது. மேலே கொட்டை எழுத்தில் 'நிறுவன அனுசரணையுடன்'. உள்ளே வாசித்தால், பயிற்சிச் செலவில் பாதியை நாங்கள் கட்ட வேண்டும். மறுபாதியை நிறுவனம் போட்டு, பிறகு சம்பளத்தில் கழிக்கும். 7 வருடப் பொண்ட் (அதுவரை அங்கேயே வேலை செய்ய வேண்டும், இடையில் விட்டால் காசு கட்ட வேண்டும்), இரண்டு பேர் பிணை.

அப்பா நேற்று அலுமாரியைத் திறந்து, கிணற்றடிக்குப் பின்னால் உள்ள நாலு பரப்புத் தோட்டக் காணியின் உறுதியை எடுத்து மேசையில் வைத்துவிட்டார். அம்மா அதிலிருந்து ஒருவரோடும் கதைக்கவில்லை. விண்ணப்ப முடிவுக்கு மூன்று கிழமை இருக்கிறது. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஸ்கார்புரோ_மாமா

வேண்டாம் தம்பி. பாதிக் காசை நீங்கள் கட்டினால் அதற்குப் பெயர் அனுசரணை இல்லை, முற்பணம்.

என் மச்சாளின் மகன் 2021 இல் வெளிநாட்டுப் பறப்புப் பள்ளி ஒன்றுக்குப் போனான். போகும்போது டொலர் 200 ரூபாய்ச் சொச்சம். 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்க விட்டார்கள், மே மாதம் 360. அப்போது அவன் 90 மணித்தியாலம் பறந்திருந்தான், இரண்டு தவணை பாக்கி. ஊரில் வைத்திருந்த காசு பாதியாகச் சுருங்கிப் போனது. இங்கே நாங்கள் நாலு வீட்டார் சேர்ந்து அனுப்பித்தான் முடித்தான். லைசன்ஸ் கையில் இருக்கிறது. ஆள் கொழும்பில் வாகனக் காப்புறுதி விற்கிறான். 200 மணித்தியாலக்காரனை எந்த எயார்லைனும் வாசலில் நின்று கூப்பிடாது.

வலப்பக்க_இருக்கை

மாமா, குறை நினைக்காதீர்கள். நீங்கள் சொன்னது கெடெற் திட்டத்துக்கு எதிரான கதை இல்லை, அதற்குச் சாதகமான கதை. உங்கள் பெடியன் கெடெற்றாகப் போகவில்லை, தன் காசில் லைசன்ஸ் எடுக்கப் போனான். இரண்டும் வேறு.

நான் ஏ320 பயணிகள் ஜெட்டில் முதல் அதிகாரி, அதாவது கப்டனுக்கு வலப்பக்கம் இருக்கிற துணை விமானி. யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவன், இப்போது வளைகுடாப் பக்கம். வர்த்தக விமானி லைசன்ஸுக்குச் சர்வதேச விதிப்படி குறைந்தது 200 மணித்தியாலம், ஒரே தொடர் பாடநெறியாகப் படித்தால் 150. அதெல்லாம் செஸ்னா மாதிரி ஒரு சின்ன விமானத்தில் பறந்த நேரம். அதற்கு மேலே ரைப் ரேட்டிங், அதாவது குறிப்பிட்ட ஒரு விமான வகையை ஓட்டும் தகுதி, வேண்டும். அதையும் சொந்தக் காசில் எடுத்தால், ஜெட்டில் ஒரு மணித்தியாலம்கூடப் பறக்காமல் கையில் ஏ320 ரேட்டிங்கோடு நிற்கலாம். அப்படி நிற்கிறவர்கள் எத்தனையோ பேர். கெடெற் திட்டத்தில் வாங்குவது பயிற்சியை அல்ல. கடைசியில் இருக்கிற அந்த இருக்கையை.

என் முதல் நிஜத் தரையிறக்கம் இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. பயணிகள் இல்லாத வெறும் விமானம். பின்னால் மூன்று கெடெற்றுகள் தங்கள் முறைக்காகக் காத்திருக்கிறார்கள். ஆளுக்கு ஆறு தரம் இறக்கி ஏற்ற வேண்டும். சிமுலேற்றரில் நூறு தரம் செய்ததுதான். ஆனால் '50, 40, 30' என்று விமானம் உயரத்தைச் சொல்லத் தொடங்கியதும் என் வலது கால் நடுங்கியது, பெடலில் அது தெரிந்திருக்கும். பயிற்றுநர் ஒன்றும் சொல்லவில்லை. ஆறாவது முறை மட்டும், 'இது உன்னுடையது' என்றார். இந்த இடத்துக்கு உங்கள் மருமகன் வராமல் போனது அவன் பிழையில்லை. அவனுக்குப் பின்னால் ஒரு எயார்லைன் இருக்கவில்லை.

ஸ்கார்புரோ_மாமா

பின்னால் இருக்கிற எயார்லைனே விழுந்தால்? ஜெட் எயார்வேய்ஸ் 2019 ஏப்ரல். தோமஸ் குக் அதே வருடம் செப்டெம்பர். ஃப்ளைபி 2020 மார்ச். கோ ஃபர்ஸ்ட் 2023 மே. எயார்லைன் வேண்டாம், பள்ளியே போகும். 2023 ஏப்ரலில் ஸ்கொட்லாந்து டண்டீயில் ரேசைட் ஏவியேஷன் மூடியபோது முற்பணம் கட்டிய பிள்ளைகள் நடுத்தெருவில் நின்றார்கள்.

இன்னொன்று. அது எம்.பி.எல் (இரண்டு விமானிகள் சேர்ந்து ஓட்டும் விமானங்களுக்கான லைசன்ஸ்) வகையா என்று பாருங்கள். 2006 இல் கொண்டுவந்த லைசன்ஸ் அது. 240 மணித்தியாலம் என்பார்கள், பெரும்பகுதி சிமுலேற்றரில்தான். ஒரு நிறுவனத்தின் வேலைமுறைக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை. பாதியில் அந்த நிறுவனம் கைவிட்டால், அந்தச் சட்டையை வேறு எங்கே போடுவது?

கொக்குவில்_குசும்பு

பலாலி விமான நிலையத்துக்கு ஏடிஆர் விமானம் வரும்போது வசாவிளானில் ஆடு மேய்க்கிற என் பெரியப்பா தலையை நிமிர்த்தி, 'கொஞ்சம் இடப்பக்கம் சரிகிறான்' என்பார். அவருக்கு பொண்டும் இல்லை, பிணையும் இல்லை. அவரிடம் விடுங்கள் தம்பியை.

மானிப்பாய்_மைனா

இரண்டு பேரும் கடைசிப் படியைப் பற்றிச் சண்டை பிடிக்கிறீர்கள். முதல் படியை யாரும் கேட்கவில்லை. தம்பியின் கண் எப்படி? வீட்டில் சீனி வருத்தம் இருக்கிறதா?

நான் ஒரு கெடெற் தெரிவில் கடைசிச் சுற்று வரை போய்த் திரும்பியவள். எங்களோடு வந்த ஒரு பெடியன், கணக்கில் புலி. முதல் வகுப்பு மெடிக்கலுக்கு, அதாவது வர்த்தக விமானிக்கு வேண்டிய உடற்பரிசோதனைக்கு, போனான். புள்ளிப் புள்ளியாக நிறம் தெளித்த அட்டைகள் காட்டுவார்களே, அதில் ஒன்றில் எங்களுக்கு 74 தெரிந்தது, அவனுக்கு 21. சிவப்பு பச்சை பிரிவதில் குறை. 22 வயது வரை அவனுக்கே தெரியாது. சில நாடுகளில் மேலதிகச் சோதனை இருக்கிறது, ஆனால் அந்த நிறுவனம் அதற்குக் காத்திருக்கவில்லை. பாவம், விண்ணப்பக் கட்டணம், விசா, ரிக்கெட் எல்லாம் கட்டிய பிறகு.

தெரிவு எப்படி என்றும் சொல்கிறேன். முதலில் கணினியில் மனக்கணக்கு, ஞாபகம். பிறகு ஒரு கையால் புள்ளியை நடுவில் பிடித்துக்கொண்டு, காதில் வருகிற இலக்கங்களுக்கு மறு கையால் பதில் அழுத்த வேண்டும். இவை பழகினால் வரும். எனக்குச் சறுக்கியது குழுப்பயிற்சியில். ஆறு பேருக்கு ஒரு கதை தந்து முடிவெடுக்கச் சொன்னார்கள். நான் சரியான விடையை முதலிலேயே கண்டுபிடித்துவிட்டுச் சும்மா இருந்தேன். எங்கள் வகுப்பறைப் பழக்கம், கேட்டால்தான் சொல்வது. கொக்பிட்டில் அது ஆகாது. கப்டன் பிழை விட்டால் பக்கத்தில் இருக்கிறவள் வாய் திறக்க வேண்டும்.

ஆங்கிலமும் அப்படித்தான். சர்வதேச அளவுகோலில் குறைந்தது 4 ஆம் மட்டம் வேண்டும். இலக்கணம் இல்லை, வானொலியில் இரைச்சலுக்குள் கேட்டுப் பதில் சொல்வது.

வலப்பக்க_இருக்கை

மைனா சொன்னது நூற்றுக்கு நூறு. கண்டிப்பாக மெடிக்கல் முதலில்.

கணக்குப்புத்தகம்

வங்கியில் கடன் பிரிவில் இருக்கிறேன். பறப்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. காகிதத்தைப் பற்றித் தெரியும். தமையன், கீழே உள்ளதை ஒப்பந்தத்தில் தேடிப் பாரும்.

தவணை எந்த நாணயத்தில்? பொண்ட் எந்த நாளில் தொடங்குகிறது, பயிற்சி தொடங்கும் நாளா, வேலை தொடங்கும் நாளா? வருடம் போகப் போக அந்தத் தொகை குறைகிறதா, ஏழாம் வருடத்திலும் முழுதாகவே நிற்கிறதா? மெடிக்கலை இழந்தால் யார் கட்டுவது? முக்கியமாக, பையன் எல்லாவற்றிலும் சித்தியடைந்த பிறகு நிறுவனம் 'இப்போது ஆள் தேவையில்லை' என்றால்?

பிணை என்பதை எங்கள் ஆட்கள் கலியாணச் சாட்சிக் கையெழுத்து மாதிரிப் போடுகிறார்கள். இரண்டு பேர் பிணை நின்றால் ஆளுக்குப் பாதி என்று நினைப்பு. பெரும்பாலான ஒப்பந்தங்களில் முழுத் தொகையையும் இருவரில் யாரிடமும் கேட்கலாம். யாரிடம் சொத்து இருக்கிறதோ அவரிடம்தான் முதலில் வருவார்கள்.

உரும்பிராய்_தமையன்

கணக்கு அண்ணை, நன்றி. இரவிரவாக இருந்து தம்பியும் நானும் 31 பக்கத்தையும் வாசித்தோம். அவனும் இப்போதுதான் முதல் தரம் முழுதாக வாசிக்கிறான் என்று பிறகு ஒத்துக்கொண்டான்.

தவணை டொலரில். பொண்ட் பயிற்சி முடிந்து, வழித்தடச் சோதனையில் (வழமையான பயணிகள் பறப்பில் வைக்கும் கடைசிச் சோதனை) தேறிய நாளிலிருந்து. ஆக வீட்டுக்கணக்கில் 7 இல்லை, 9 வருடம். முதல் மூன்று வருடம் தொகை குறையாது. மெடிக்கல் போனால் நிறுவனத்தின் பாதியைத் தள்ளுபடி செய்வார்கள், எங்கள் பாதி போனதுதான். கடைசிக் கேள்விக்கு 24 ஆம் பக்கத்தில் ஒரு வரி: 'நிறுவனத்தின் ஆளணித் தேவைக்கு உட்பட்டு நியமனம் வழங்கப்படும்.' அவ்வளவுதான். தேவை இல்லாவிட்டால் என்ன என்று எங்கும் இல்லை.

ஸ்கார்புரோ_மாமா

வலப்பக்கம் தம்பி, அந்த இருக்கையைத்தான் வாங்குகிறோம் என்றீர். 24 ஆம் பக்கத்தில் இருக்கை எங்கே?

வலப்பக்க_இருக்கை

இல்லை. ஒத்துக்கொள்கிறேன். என் ஒப்பந்தத்தில் இத்தனை மாதத்துக்குள் நியமனம் தராவிட்டால் நான் கடன் கட்டத் தேவையில்லை என்று இருந்தது. பயிற்சிச் செலவு முழுதையும் அவர்களே போட்டார்கள். எல்லாத் திட்டமும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு எழுதிவிட்டேன்.

ஆனால் ஒரு மோசமான காகிதத்தைக் காட்டி இந்தத் தொழிலே வேண்டாம் என்றால் விடமாட்டேன். 2022 க்குப் பிறகு கொழும்பிலிருந்து எத்தனை விமானிகள் வளைகுடாவுக்கு வந்தார்கள் என்று இங்கே கண்ணால் கண்டவன் நான்.

ஸ்கார்புரோ_மாமா

வந்தவர்கள் ஆயிரக்கணக்கில் மணித்தியாலம் வைத்திருந்தவர்கள். தொடங்குகிறவனுக்கு அந்தக் கணக்கு உதவாது.

வலப்பக்க_இருக்கை

அவர்கள் எழுந்த கதிரைகள் வெறுமையாகின, மாமா. அங்கே யாரோ இருக்கத்தானே வேண்டும்.

மானிப்பாய்_மைனா

முழுச் செலவையும் போடுகிற திட்டங்களும் இருக்கின்றன. பிரிட்டிஷ் எயார்வேய்ஸ் 2023 இல் தொடங்கிய ஸ்பீட்பேர்ட் அப்படி, ஒருவருக்கு ஏறக்குறைய 1 லட்சம் பவுண் அவர்கள் போடுகிறார்கள். ஆனால் பிரித்தானியாவில் வசித்து வேலை செய்யும் உரிமை வேண்டும். எமிரேட்ஸின் தேசிய கெடெற் திட்டம் அந்த நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும். டுபாயில் அவர்களுடைய பயிற்சிக் கழகத்தில் வெளிநாட்டாரும் படிக்கலாம், அது உங்கள் காசில். எங்கள் கடவுச்சீட்டுக்குத் திறக்கிற கதவு குறைவு என்பதால்தான் இந்தப் பாதிப் பாதி விளம்பரங்கள் இங்கே எடுபடுகின்றன.

எனக்கு ஒருவர் விமானப்படையில் சேர்ந்தால் இலவசம் என்றார். பலாலி வீதியில் வளர்ந்த பிள்ளையிடம். அந்த யோசனையை வீட்டில் சொல்லக்கூட இல்லை நான்.

வலப்பக்க_இருக்கை

தமையன், ஒரு வழி சொல்கிறேன். ரத்மலானையில் பள்ளி ஒன்றில் அறிமுகப் பறப்பு ஒன்றுக்கு மட்டும் காசு கட்டி தம்பியை ஏற்றும். செஸ்னா 152, இரண்டே இருக்கை, தோளோடு தோள் முட்டும். வெயிலில் நின்ற விமானத்துக்குள் பெற்றோலும் வியர்வையும் சேர்ந்த மணம். கடல் பக்கம் கிளம்பினால் காலி வீதி கீழே போய்விடும், அடுத்த நிமிடம் தண்ணீர். இறங்கி வந்து அவன் என்ன கதைக்கிறான் என்று பாரும். வீடியோக்களில் பார்க்கிற, விமானியின் தோளில் உள்ள தங்கப் பட்டியைப் பற்றிக் கதைத்தால் ஒன்று, காற்றைப் பற்றிக் கதைத்தால் வேறு.

பிறகு வேண்டுமானால் தனியார் விமானி லைசன்ஸ், 40 மணித்தியாலச் சொச்சம். பிடித்தால் அடுத்தது. கட்டம் கட்டமாகக் கட்டலாம், உறுதி அலுமாரியிலேயே இருக்கும். மாமா, இதுக்கும் வேண்டாம் என்பீர்களோ?

ஸ்கார்புரோ_மாமா

கட்டம் கட்டமாகப் போய்த்தான் என் மருமகன் காப்புறுதி விற்கிறான் என்று சொன்னேனே. கடைசியில் அந்த 200 மணித்தியாலச் சுவர் அப்படியே நிற்கும். பையன் ஏதாவது ஒரு பட்டப்படிப்பைக் கையில் வைத்துக்கொண்டு போகட்டும். பயணிகள் விமானத்தில் 65 வயது வரை பறக்கலாம், இரண்டு வருடம் பிந்தினால் ஒன்றும் குறையாது.

கணக்குப்புத்தகம்

இரண்டு வருடம் பிந்தினால் டொலர் எங்கே நிற்கும் என்று மாமா எழுதித் தருவாரா?

உரும்பிராய்_தமையன்

வீட்டு முடிவு: இந்த விண்ணப்பத்தை விட்டாயிற்று. தம்பி ஒரு நாள் முகம் தரவில்லை. 24 ஆம் பக்கத்தைத் திரும்ப வாசித்துவிட்டு, நிறுவனத்துக்கு அவனே ஒரு மின்னஞ்சல் போட்டான்: நியமனம் தராவிட்டால் எங்கள் பாதி திரும்பி வருமா? 'நிபந்தனைகளைப் பார்க்கவும்' என்று ஒரு வரிப் பதில் வந்தது. அம்மா கதைக்கத் தொடங்கிவிட்டார். முதல் வசனமே, உறுதியை எங்கே வைத்தாய்.

ஆனால் ஆசையை அவன் விடவில்லை. முதல் வகுப்பு மெடிக்கல் மட்டும் எடுத்துப் பார்க்கிறேன் என்கிறான். அப்பாவுக்குச் சீனி இருக்கிறது, அதையும் கேட்டு வரட்டும். வருகிற செவ்வாய் கொழும்பில் அங்கீகரித்த மருத்துவரிடம் நேரம் எடுத்திருக்கிறோம். அடுத்த நாள் ரத்மலானை அறிமுகப் பறப்பு. இரண்டு இரவு எங்கே தங்குவது என்றுதான் பார்க்கிறோம்.

ஸ்கார்புரோ_மாமா

வெள்ளவத்தையில் என் அக்கா வீட்டில் மேல் அறை சும்மா கிடக்கிறது. தனிமடலில் இலக்கம் அனுப்புகிறேன். திங்கள் இரவு பஸ் எடுத்தால் விடிய வந்துவிடுவான். இரத்தம் எடுப்பார்கள், வழியில் ஒன்றும் சாப்பிடாமல் வரச் சொல்லும். அக்கா புட்டு அவித்துவிட்டு நிற்பா, மெடிக்கல் முடியும் மட்டும் அதைத் தொடக்கூடாது.

பறப்புக்கு நான் இன்னும் எதிர்தான்.